டேப்லெட் செயலியே அடிவானம் காட்டும்போது, ஹெலிகாப்டரின் மின்னணு மானிகளுக்குச் சான்றளிப்பதில் ஏன் இத்தனை கெடுபிடி?

“டேப்லெட்டில் ஓடும் செயலியே, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று காட்டும் செயற்கை அடிவானம், உயரம், வேகம் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. அதே படத்தைக் காட்டும் ஹெலிகாப்டர் திரைக்கு மட்டும் எதற்கு இத்தனை சோதனை, இவ்வளவு விலை?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஏவியானிக்ஸ் எனப்படும் விமான மின்னணுக் கருவிகளின் சோதனைப் பணியில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். படம் ஒன்றுதான், அதை மறுக்க மாட்டேன். சான்றளிக்கும் அதிகாரிக்குப் படத்தின் மீது பெரிய அக்கறை கிடையாது. அது தவறாகக் காட்டினால் விமானிக்கு எப்படித் தெரியவரும் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி.

இந்த வேலை திரையிலிருந்து தொடங்குவதில்லை. ஆபத்து மதிப்பீடு என்ற ஓர் ஆவணத்திலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு செயற்பாட்டையும் எடுத்துக்கொண்டு, அது அற்றுப்போனால் என்ன ஆகும், எச்சரிக்கை ஏதுமின்றித் தவறான அளவைக் காட்டினால் என்ன ஆகும் என்று தனித்தனியாக எழுதுவார்கள். மேகத்துக்குள் பறக்க அனுமதி பெற்ற ஹெலிகாப்டரில், எல்லாத் திரைகளும் ஒருசேரத் தவறான சாய்வைக் காட்டுவது பேரழிவு வகையைச் சேரும். அப்படிப்பட்ட நிலை 100 கோடிப் பறப்பு மணிநேரத்துக்கு ஒருமுறைக்கும் குறைவாகவே நேரக்கூடியது என்று காட்ட வேண்டும். அதற்கு அடுத்த, ‘அபாயகரமான’ வகைக்கு அளவு 1 கோடி மணிநேரம், ‘பெரிய’ வகைக்கு 1 லட்சம் மணிநேரம். பகலில், தரையைப் பார்த்துக்கொண்டே பறக்கும் சிறிய ஹெலிகாப்டருக்கோ நிலைமை முற்றிலும் வேறு. 3,175 கிலோவுக்கும் 9 பயணிகளுக்கும் மேற்படாத சாதாரண வகை ஹெலிகாப்டர்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பின் 27ஆம் பகுதி, அடிப்படைப் பறப்பு மானிகளாகக் கேட்பது வேகமானி, உயரமானி, காந்தத் திசைகாட்டி ஆகிய மூன்றை மட்டுமே. செயற்கை அடிவானம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஒரே பெட்டி ஒரு ஹெலிகாப்டரில் எளிதில் ஏற்கப்பட்டு, மற்றொன்றில் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

திரை இருண்டுபோவதைத்தான் பலர் அஞ்சுகிறார்கள். இருண்ட திரை நேர்மையானது. விமானி உடனே காப்பு மானிக்குக் கண்ணைத் திருப்பிக்கொள்வார். சில பாகைகள் மட்டும் பிழையாக, அழகாக, ஒளிர்ந்துகொண்டிருக்கும் திரைதான் ஆளைக் கொல்லும். மெதுவாக ஒருபக்கம் சாய்வதை மனிதனின் உட்காது உணராது. நிலைநிறுத்தும் கருவி இல்லாத ஹெலிகாப்டரோ கையை எடுத்தவுடன் தன்போக்கில் விலகத் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாதபோது விமானியின் கை திரையைத்தான் பின்பற்றும்.

வலிமையான ரேடியோ அலைகளைக் கருவி தாங்குகிறதா என்று பார்க்கும் கதிரலைச் சோதனை அறையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சாய்வுணர் பெட்டியையும் திரையையும் அசையாத மேசையில் பொருத்தி, ஆன்டெனாவின் முன் வைத்து, அலைவரிசையைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டு போனோம். நாங்கள் வெளியே அமர்ந்து கேமரா வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குறுகிய அலைவரிசைப் பட்டையில் மட்டும் அடிவானக் கோடு நிதானமாகக் கீழிறங்கி, பட்டையைத் தாண்டியதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. பழுதைக் காட்டும் சிவப்புப் பெருக்கல் குறி வரவில்லை, எந்த எச்சரிக்கையும் எழவில்லை. மேசையில் அசையாமல் கிடந்த பெட்டி, தன் மூக்கு மேலே தூக்கியிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. காரணத்தைத் தேடிப் போனபோது, உணரிக் கம்பிவடத்தின் உலோகக் கவச உறை இணைப்பியில் முழுச்சுற்றாகப் பொருத்தப்படாமல், வால் போன்ற ஒரு கம்பியால் மட்டும் நிலமிணைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அந்த வாலே அலையை உள்ளே இழுத்துவந்திருக்கிறது. மென்பொருளில் ஒரு குறையும் இல்லை.

ஹெலிகாப்டருக்கு இந்தச் சோதனை கூடுதல் கடுமை கொண்டது. விமானங்கள் ஒலிபரப்புக் கோபுரங்களையும் கப்பல் ரேடார்களையும் தொலைவிலேயே கடந்துவிடும். ஹெலிகாப்டர் அவற்றின் அருகே போய் அந்தரத்தில் நிற்கும். அதனால்தான் ஹெலிகாப்டர் விதிகளில் கடும் கதிரலைச் சூழல் ஒன்று தனியே வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதிர்வும் அப்படியே. நிமிடத்துக்கு 400 சுற்று சுழலும் நான்கு இறக்கை ரோட்டர், நொடிக்குச் சுமார் 27 முறை உடலை உலுக்கிக்கொண்டே இருக்கும். எனவே டிஓ-160 எனப்படும் சூழல் சோதனைத் தரத்தின் அதிர்வுப் பகுதியில் ஹெலிகாப்டருக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. வெப்பம், ஈரம், மின்னல், எஞ்சினைக் கிளப்பும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரிவது ஆகியவையும் அதே தரத்தில் அடங்கும். இரவுப் பார்வைக் கண்ணாடி அணிந்து பறப்பவர்களுக்காகத் திரையின் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியையும் கட்டுப்படுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி அந்த ஒளியிலேயே குருடாகிவிடும்.

மென்பொருளுக்கு வருவோம். இத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு தேய்ந்து பழுதாகும் பாகங்களுக்குப் பொருந்தும். நிரலில் உள்ள பிழை முதல் நாளிலிருந்தே அங்கே இருப்பது, அதற்கு நிகழ்தகவு சொல்ல யாராலும் முடியாது. ஆகையால் 2011இல் வெளியான டிஓ-178சி என்ற ஆவணம், நிரலை எவ்வளவு ஒழுங்குடன் உருவாக்கினீர்கள் என்பதற்குச் சான்று கேட்கிறது. பேரழிவுக்குக் காரணமாகக்கூடிய ‘ஏ’ நிலை மென்பொருளுக்கு 71 குறிக்கோள்கள். தவறினாலும் விளைவு சிறிதாகவே இருக்கும் ‘டி’ நிலைக்கு 26. பாதுகாப்பைத் தொடாத ‘ஈ’ நிலைக்கு ஒன்றுமில்லை. ‘ஏ’ நிலையில், ஒரு முடிவுக்குள் இருக்கும் ஒவ்வொரு நிபந்தனையும் தனியாகவே அந்த முடிவை மாற்ற வல்லது என்பதைக்கூடச் சோதனையில் காட்ட வேண்டும். செலவின் பெரும்பகுதி இங்கேதான் கரைகிறது என்பது என் கணிப்பு. நிரல் எழுத ஆகும் காலத்தைவிட, அதன் ஒவ்வொரு வரியும் எந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்று தடம் காட்ட ஆகும் காலம் நீண்டது.

இரண்டு திரை வைத்துவிட்டால் போதாதா என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டிலும் ஒரே மென்பொருள் ஓடினால் இரண்டும் ஒரே நொடியில் ஒரே தவறைச் செய்யக்கூடும். இரு சாய்வுணரிகளை ஒப்பிட்டு, வேறுபாடு எல்லை மீறினால் எச்சரிப்பது, படம் உறைந்துபோனதைக் கண்டுபிடிப்பது, வரைகலைச் சில்லு வரைந்ததை மற்றொரு சில்லு சரிபார்ப்பது போன்ற கண்காணிப்புகள் அதற்காகத்தான். அவற்றுக்கும் அப்பால், மேகத்துக்குள் பறக்கும் ஹெலிகாப்டரில் தனித்து நிற்கும் ஒரு காப்புச் சாய்வுமானியை விதி கேட்கிறது. மின்னாக்கிகள் முற்றிலும் செயலிழந்த பிறகும் அது வேறொரு மின்மூலத்தில், விமானி எதையும் தட்டிவிடாமலேயே, குறைந்தது 30 நிமிடம் நம்பகமாக இயங்க வேண்டும்.

விற்பனை விளம்பரங்களில் வரும் ‘சான்று பெற்றது’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கருவிக்கான தொழில்நுட்பத் தர ஆணையின் ஒப்புதல் என்பது, அந்தப் பெட்டி குறைந்தபட்சத் தரத்தை எட்டியிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. அதைக் குறிப்பிட்ட ரக ஹெலிகாப்டரில் பொருத்தத் துணை வகைச் சான்று வேறாக வேண்டும். காற்றழுத்தக் குழாய் ரோட்டரின் கீழ்க்காற்றில் எவ்வளவு பிழை காட்டுகிறது, காந்த உணரிக்கு அருகே எந்த மின்கம்பி ஓடுகிறது, விமானியின் இருக்கையிலிருந்து வெயிலில் திரை தெரிகிறதா என்பதையெல்லாம் அந்த ஹெலிகாப்டரில்தான் அளக்க முடியும்.

இத்தனைக்கும் பிறகு, இந்தக் கெடுபிடியே சில வேளைகளில் பாதுகாப்புக்கு எதிராக வேலை செய்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செலவுக்கு அஞ்சி, தேய்ந்துபோன பழைய சுழற்சக்கரச் சாய்வுமானியோடு அல்லது எந்தச் சாய்வுமானியும் இல்லாமலே பறந்த சிறிய ஹெலிகாப்டர்கள் ஏராளம். இதை உணர்ந்துதான் அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம், 2017இல் 27ஆம் பகுதி ஹெலிகாப்டர்களை வகுப்புகளாகப் பிரித்து, சிறியவற்றுக்கு அளவுகோலைத் தளர்த்தும் கொள்கையை வெளியிட்டது. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

உங்கள் டேப்லெட்டை எடுத்துச் செல்லுங்கள். வரைபடம் பார்க்க அதைவிட வசதியானது வேறில்லை. அதன் அடிவானத்தை நம்பி மேகத்துக்குள் நுழையாதீர்கள், ஏனெனில் அது தவறும்போது உங்களிடம் சொல்ல வேண்டிய கடமை எதற்கும் இல்லை. பொருத்தப்பட்ட திரையாக இருந்தால், பறப்புக் கையேட்டில் அதற்கென்று சேர்க்கப்பட்ட இணைப்பின் ‘வரம்புகள்’ பக்கத்தை முதலில் படியுங்கள். விலையுயர்ந்த, முறையாகச் சான்று பெற்ற திரை இருக்கும் ஹெலிகாப்டரிலும், தரை தெரியும் வானிலையில் மட்டுமே பறக்கலாம் என்ற வரி அங்கே இருக்கக்கூடும்.