வெனிஸ் விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு: முதலில் பாலங்களை எண்ணுங்கள்

கேள்வி: ஜூன் மாதம் வெனிஸ் போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், 71 வயது அம்மா. அம்மாவுக்கு மூட்டு வலி. சமதரையில் நடப்பார், படி என்றால் சிரமம். மார்கோ போலோ விமான நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு இறங்குகிறோம். மூன்று பெரிய பெட்டி, இரண்டு சின்னப் பை. ஹோட்டல் சான் சக்காரியா பக்கம். எங்கள் பயண முகவர் 'ஹோட்டல் வாசல் வரை தனிக் கார்' என்று 110 யூரோ கேட்கிறார். ஊருக்குள் நுழைய அனுமதி வாங்கித் தருவதாகத் தலைக்கு 15 யூரோ தனி. இணையத்தில் தேடினால் பஸ், படகு, டாக்ஸி படகு என்று தலை சுற்றுகிறது. எதில் போவது?

பதில்: முதல் வேலையாக அந்தக் காரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சான் சக்காரியாவில் ஹோட்டல் வாசல் வரை எந்தக் காரும் போகாது. அமைச்சர் வந்தாலும் போகாது. விமான நிலையம் கரைப்பக்கம் இருக்கிறது, வெனிஸ் தண்ணீர்ப்பக்கம். இரண்டையும் இணைக்கும் சாலைப் பாலம் 1933இல் திறந்தது. அது ஊருக்குள் நுழைந்ததும் பியாட்ஸாலே ரோமா என்ற சதுக்கத்தில் முடிந்துவிடும். கார், பஸ், வேன் எல்லாவற்றுக்கும் அதுதான் கடைசி. அதற்கு அப்பால் படகு, இல்லையென்றால் நடை. சைக்கிள்கூடக் கிடையாது. உங்கள் ஹோட்டலோ ஊரின் மறுகோடியில். ஆக முகவர் விற்பது பாதி வழி. மீதி வழிக்கு நான்கு பேருக்கும் படகுச் சீட்டு வாங்கி, மூன்று பெட்டியையும் தூக்கிக்கொண்டு நீங்கள் கிளம்ப வேண்டும். அவருக்கு இது தெரியாது என்றால் அவர் முகவரே இல்லை. தெரிந்தே விற்கிறார் என்றால், என்ன சொல்வது.

இதை இவ்வளவு எரிச்சலாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே 'வாசல் வரை' வார்த்தையை நம்பி ஒரு குடும்பத்தை அனுப்பினேன். வேன்காரர் பியாட்ஸாலே ரோமாவில் பெட்டிகளை இறக்கிவிட்டு, கால்வாயைக் கை காட்டி "ஹோட்டல் அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ராத்திரி பத்தரை மணிக்கு அந்த வீட்டுத் தாத்தா எனக்குப் போன் செய்து, "தம்பி, எதிரே ஆறு ஓடுதுப்பா" என்றார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வழியில் எத்தனை பாலம்?

வெனிஸில் நானூறுக்கும் மேல் பாலங்கள். நம் ஊர்ப் பாலம் போலத் தட்டையாக இருக்காது. அடியில் படகு போக வேண்டுமே, அதனால் வளைத்துக் கட்டி, இந்தப் பக்கம் பத்துப் பதினைந்து படி, அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து படி வைத்திருப்பார்கள். 23 கிலோ பெட்டியைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வருபவர் முதல் பாலத்தில் தூக்குவார், இரண்டாவதில் படிக்குப் படி 'டக் டக்' என்று இழுப்பார், மூன்றாவதில் உட்கார்ந்துவிடுவார். அம்மாவின் மூட்டுக்கு ஒரு பாலமே சிரமம்தான். யூரோக் கணக்கைவிட இந்தப் படிக்கணக்குதான் உங்களுக்கு முக்கியம்.

அதைத் தெரிந்துகொள்ள ஹோட்டல் முகவரி உதவாது. வெனிஸ் முகவரி வேடிக்கையானது. ஊரை ஆறு வட்டாரமாகப் பிரித்து, தெருவுக்குத் தெரு எண் போடாமல் வட்டாரம் முழுவதற்கும் ஒரே வரிசையாகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். 'காஸ்தெல்லோ' என்று எழுதிப் பக்கத்தில் நாலாயிரத்துச் சொச்சம் ஓர் எண் இருக்கும். அது எந்தச் சந்தில் என்று எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இன்றைக்கே ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மூன்று கேள்வி போதும். எந்தப் படகுத்துறையில் இறங்க வேண்டும், அங்கிருந்து உங்கள் வாசலுக்கு எத்தனை பாலம், உள்ளே லிஃப்ட் இருக்கிறதா. மூன்றாவதை மறக்காதீர்கள். பழைய கட்டடங்கள், வரவேற்பறையே மாடியில் இருக்கும் ஹோட்டல்கள் உண்டு.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'பாலம் இல்லை' அல்லது 'ஒரு பாலம்' என்று பதில் வந்தால் அலிலகூனா படகில் போங்கள். விமான நிலையத்துக்கும் ஊருக்கும் ஓடும் பொதுப் படகு அது. அதில் நீலத் தடம் சான் சக்காரியாவிலேயே நிற்கும். மாறி ஏற வேண்டியதில்லை. விமான நிலையக் கட்டடத்திலிருந்து படகுத்துறைக்கு மூடிய நடைபாதை இருக்கிறது, ஏழெட்டு நிமிட நடை, இடையில் நகரும் தரையும் உண்டு. அம்மா அதில் நின்றபடியே பாதித் தூரம் போய்விடலாம். படகு முரானோ, லிடோ தீவுகள் என்று சுற்றிக்கொண்டு வரும். ஒன்றேகால் மணி நேரம், சில சமயம் கொஞ்சம் கூட. அவசரப்படுகிறவர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் ஜூனில் அங்கே ஒன்பது மணிக்குத்தான் இருட்டும். அம்மா உட்கார்ந்தபடியே ஊரைப் பார்த்துக்கொண்டு வரலாம்.

கட்டணம் ஆளுக்கு 15 முதல் 18 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயதுக் குழந்தைக்கும் முழுச்சீட்டுதான். ஆளுக்கு ஒரு பெட்டியும் ஒரு கைப்பையும் அதில் அடக்கம், உங்கள் மூட்டை அதற்குள் வந்துவிடும். சீட்டைப் படகுக் கம்பெனியின் கவுண்டரிலோ அவர்களுடைய தளத்திலோ மட்டும் வாங்குங்கள். இறங்கும் இடத்தில் ஒரு கவனம்: சான் சக்காரியா என்பது ஒரே மேடை இல்லை. கரையோரம் நீளத்துக்கு ஆங்கில எழுத்து போட்டுப் பல மேடைகள் இருக்கும். இறங்கியதும் கூட்டம் போகும் திசையில் நடந்துவிடாதீர்கள். நடுவில் ஒரு பாலம் வந்துவிடும். ஹோட்டல்காரர் எந்தப் பக்கம் திரும்பச் சொன்னார் என்பதைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிறுத்தம் சான் மார்கோ; பெயர் பெரியது என்று அதுவரை போய்விடவும் வேண்டாம்.

"பஸ்ஸில் போய்ப் படகு மாறினால் மலிவு" என்று நிறையப் பேர் எழுதுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து பியாட்ஸாலே ரோமாவுக்கு பஸ் 10 யூரோ. அங்கிருந்து வாபொரெட்டோ, அதாவது நகரப் படகு, ஒரு சீட்டு 9.50 யூரோ. ஆக ஆளுக்கு 19.50. நேர்ப் படகைவிட இது எப்படி மலிவு? கையில் நகரப் படகின் நாள்பாஸ் இருந்தால் கணக்கு மாறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த பாஸ் அலிலகூனாவில் செல்லாது. இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒரே தண்ணீர், ஒரே துறை, பக்கத்துப் பக்கத்து மேடை, ஆனால் சீட்டு வேறு. சுற்றுலாவில் பிழைக்கிற ஊர் இத்தனை வருஷத்தில் இதை ஒன்றாக்கவில்லை. பாஸ் இருக்கிறதே என்று ஏறி உட்கார்ந்து, பிறகு தண்டம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பஸ் யாருக்குச் சரி என்றால், ரயில் நிலையம் பக்கமோ பியாட்ஸாலே ரோமா பக்கமோ தங்குகிறவர்களுக்கு. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வந்துவிடலாம். அங்கேயும் ஒரு பாலம் காத்திருக்கிறது. சதுக்கத்தையும் ரயில் நிலையத்தையும் இணைக்கப் பெரிய கட்டடக் கலைஞர் கலட்ராவா வடிவமைத்து 2008இல் திறந்த பாலம். புதிதாகக் கட்டும்போதாவது சக்கரநாற்காலியை நினைத்திருக்கலாம். கண்ணாடிப் படி வைத்தார்கள். மழையில் வழுக்கிப் பலர் விழுந்தார்கள். பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கென்று பக்கவாட்டில் முட்டை போல ஒரு கூண்டு மாட்டினார்கள். அது ஒழுங்காக ஓடியதே இல்லை. 2020இல் கழற்றி எடுத்துவிட்டார்கள். பாலம் மட்டும் நிற்கிறது, பார்க்க அழகாக.

அந்தப் பாலத்தடியிலும் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பாலத்தடியிலும் சில ஆட்கள் நிற்பார்கள். கேட்காமலே பெட்டியைப் பிடித்துத் தூக்குவார்கள். நல்ல மனுஷன் என்று நினைப்பீர்கள். மறுபக்கம் இறக்கி வைத்துவிட்டு 10 யூரோ, 20 யூரோ என்று கை நீட்டுவார்கள். உங்கள் மனைவி பர்ஸைத் திறக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் நிற்பார், கவனியுங்கள். உரிமம் உள்ள சுமைகூலிக்காரர்கள் பியாட்ஸாலே ரோமாவில் தனியாக இருக்கிறார்கள்; அவர்களிடம் முதலில் தொகையைப் பேசிவிட்டுப் பிறகு பெட்டியைக் கொடுக்கலாம். மற்றவர்களிடம் பெட்டியை விடாதீர்கள்.

ஹோட்டல்காரர் 'மூன்று பாலம்' என்று பதில் போட்டால் டாக்ஸி படகைப் பற்றி யோசிக்கலாம். மரம் பளபளக்கும் விசைப்படகு. அரை மணி, நாற்பது நிமிடத்தில் கொண்டுவந்து விடும். விலை 130 யூரோவுக்கு மேல். ஆள், பெட்டி கூடினால், இரவு பத்து மணி தாண்டினால் இன்னும் ஏறும். ஆளுக்கென்று பிரித்தால் 35 யூரோ பக்கம். அம்மாவை மூன்று பாலம் ஏற்றி இறக்குவதற்கு அது பெரிய தொகை இல்லை. ஆனால் பணம் கட்டும் முன் ஹோட்டலுக்குத் தண்ணீர்ப்பக்க வாசல் உண்டா என்று கேளுங்கள். கால்வாயை ஒட்டிக் கதவு இருக்கிற ஹோட்டல் என்றால்தான் படகு வாசலில் வந்து நிற்கும். இல்லையென்றால் பக்கத்துத் துறையில் இறக்கிவிடுவார்கள். அதே பாலம், அதே படி, காசு மட்டும் இரண்டு மடங்கு. வாசல் இருந்தாலும், நீர்மட்டம் இறங்கியிருக்கும் நேரத்தில் அடிப்படிகள் பாசி பிடித்துப் பச்சையாகத் தெரியும். அந்தப் படியில் அம்மாவைக் கால் வைக்க விடாதீர்கள். படகோட்டி கை கொடுப்பார். மேலே ஹோட்டல் ஆள் ஒருவரையும் நிற்கச் சொல்லுங்கள்.

டாக்ஸி படகை விமான நிலையத்துக்குள் இருக்கும் கவுண்டரில் பேசுங்கள், அல்லது ஹோட்டல் மூலம் சொல்லி வையுங்கள். வெளிக்கதவைத் தாண்டும்போது "போட் டாக்ஸி, போட் டாக்ஸி" என்று ஒருவர் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தால் நிற்காமல் நடங்கள். உரிமம் உள்ள படகின் பக்கவாட்டில் மஞ்சள் பட்டையும் அதில் எண்ணும் இருக்கும். பட்டை இல்லையென்றால் ஏற வேண்டாம்.

அப்புறம் அந்த 15 யூரோ 'அனுமதி'. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் இப்போது நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வெனிஸ் நகராட்சி 2024 ஏப்ரல் 25 முதல் நுழைவுக் கட்டணம் வைத்திருப்பது உண்மை. வருஷம் முழுக்க இல்லை. கூட்டம் கூடும் சில நாட்களில் மட்டும், காலை எட்டரையிலிருந்து மாலை நாலு மணி வரை. முதல் ஆண்டு 29 நாள், 2025இல் 54 நாள். முன்கூட்டிப் பதிந்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. இது காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டத்துக்காக வைத்தது. ஊரில் இரவு தங்குகிறவர்களுக்குக் கட்டணமே கிடையாது; நீங்கள்தான் ஹோட்டலில் தங்கல் வரி தனியாகக் கட்டுகிறீர்களே. ஆனால், இங்கேதான் கேலிக்கூத்து, கட்டணம் இல்லை என்பதற்கும் பதிவு செய்ய வேண்டும். நகராட்சியின் தளத்துக்குப் போய், 'நான் கட்ட வேண்டியதில்லை' என்று விண்ணப்பித்து, ஹோட்டல் பெயர், தங்கும் தேதி எல்லாம் கொடுத்து, ஒரு கியூஆர் சீட்டு வாங்கிப் போனில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹோட்டலுக்கு உங்கள் பெயர் தெரியும், நகராட்சிக்கு ஹோட்டலைத் தெரியும். நடுவில் நீங்கள் எதற்கு என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. இந்தக் குழப்பத்தில்தான் முகவர் பிழைக்கிறார். இலவசமாகக் கிடைக்கும் சீட்டுக்கு நான்கு பேருக்கு 60 யூரோ கேட்கிறார். நீங்கள் தங்கும் நாட்கள் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று நகராட்சித் தளத்தில் பாருங்கள். வந்தால் பதிவு செய்ய ஐந்து நிமிடம் ஆகும். வராவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

இன்னொன்று. ஹோட்டல் உண்மையிலேயே சான் சக்காரியாவில்தான் இருக்கிறதா என்று வரைபடத்தில் ஒரு தடவை பாருங்கள். பெயரில் வெனிஸ் என்று போட்டுக்கொண்டு கரைப்பக்கம் மெஸ்த்ரேயில் இருக்கும் ஹோட்டல்கள் ஏராளம். அப்படியென்றால் மேலே சொன்ன படகுக் கதை எதுவும் உங்களுக்கு இல்லை. விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் நேரே போய்விடலாம்.

திரும்பும் விமானம் எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. காலையில் ஏழு, எட்டு மணி விமானம் என்றால் பொதுப் படகை நம்ப வேண்டாம், நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் போகலாம். முதல் நாள் மாலையே ஹோட்டலில் சொல்லி டாக்ஸி படகுக்கு நேரம் குறித்துவிடுங்கள். அந்த ஒரு தடவை 130 யூரோவைப் பார்க்காதீர்கள்.