அடர் சிவப்பு என்று எழுதினால் போதாதா?

கேள்வி: சென்ற இதழில் தேசியக் கொடிகள் பற்றிய கட்டுரையில், கத்தார் கொடி 'மெரூன்' நிறம் என்று எழுதியிருந்தீர்கள். 'அடர் சிவப்பு' என்றாலே புரிந்திருக்குமே! ஒரு நிறத்துக்கு இத்தனை பெயர்கள் எதற்கு?

பதில்: 'அடர் சிவப்பு' என்று எழுதியிருந்தால் கத்தாரையும் பஹ்ரைனையும் குழப்பியிருப்போம். இரண்டும் அண்டை நாடுகள். இரண்டு கொடிகளிலும் கம்பத்தை ஒட்டிய பக்கம் வெள்ளை. வெள்ளையும் வண்ணமும் சேரும் இடத்தில் ரம்பப் பல் போன்ற விளிம்பு. பஹ்ரைன் கொடியில் வெள்ளை முனைகள் 5, கத்தார் கொடியில் 9. காற்றில் படபடக்கும் துணியில் யார் முனைகளை எண்ணுவார்கள்? எட்ட நிற்பவருக்கு நிறம்தான் அடையாளம். பஹ்ரைனுடையது சிவப்பு, கத்தாருடையது மெரூன். கத்தாரின் அல் கோர் தீவில், 3,000 ஆண்டுகளுக்கு முன்பே கடல் நத்தைகளிலிருந்து செவ்வூதாச் சாயம் எடுத்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட நாட்டின் நிறத்தைப் பொத்தாம்பொதுவாக எழுத எனக்கு மனம் வராது.

சிவப்பில் கொஞ்சம் இருட்டைக் கலந்தால் மெரூன் என்று நினைக்கிறீர்கள். கைபேசியிலேயே சோதித்துப் பார்க்கலாம். வலைப்பக்கங்களுக்கான வண்ணக் கணக்கில் மெரூன் என்பது சிவப்பு 128, பச்சை 0, நீலம் 0. முழுச் சிவப்பின் எண் 255. எண் பாதியாக இருந்தாலும், திரையிலிருந்து வரும் ஒளி முழுச் சிவப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். விளக்கை அணைத்துவிட்டு, திரை முழுக்க அந்த நிறத்தை மட்டும் நிரப்புங்கள். கண் பழகியதும் அது மங்கிய சிவப்பாகத்தான் தெரியும். ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டையைச் சேருங்கள். அந்தக் கணமே மெரூன் வந்து நிற்கும். தன்னைவிட ஒளி மிகுந்த ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் அந்த நிறமே பிறக்கிறது. கத்தார் கொடியின் வெள்ளை செய்வதும் அந்த வேலையைத்தான். இந்த உறவை 'அடர்' என்ற அடைமொழி சொல்லிவிடாது.

பெயருக்கு வருவோம். பிரெஞ்சு மொழியில் 'மரோன்' என்றால் செஸ்ட்நட் கொட்டை. அதன் தோல் நிறமே பெயராயிற்று. ஆங்கிலத்துக்குப் போனபோது அந்தச் சொல் சிவப்புப் பக்கம் சாய்ந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கோ அது இன்றும் பழுப்புதான். ஜமைக்கா மலைகளில் அடிமைத்தளையிலிருந்து தப்பிச்சென்று வாழ்ந்து, 1739இல் ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இறங்கிவரச் செய்தவர்களையும் 'மெரூன்கள்' என்பார்கள். அது ஸ்பானிய மொழியின் 'சிமரோன்' வழியாக வந்த வேறு சொல், நிறத்தோடு தொடர்பில்லை. பர்கண்டியும் மெரூன் இல்லை. அது ஒயினின் நிறம், ஊதாவை நோக்கிச் சாயும். மெரூன் பழுப்பை நோக்கிச் சாயும்.

திபெத்திய பௌத்தத் துறவியரின் ஆடை, மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணியின் தொப்பி, 1942இல் பிரிட்டிஷ் வான்குடை வீரர்கள் அணியத் தொடங்கி இந்தியா உட்படப் பல நாட்டு வான்குடைப் படைகள் ஏற்றுக்கொண்ட பெரே தொப்பி என எல்லாமே மெரூன்தான். அந்தத் தொப்பியைப் பயிற்சியில் தேறி வாங்கிய வீரரிடம் போய் 'சிவப்புத் தொப்பி' என்று சொல்லிப் பாருங்கள்.

ஆனால் எங்கள் பக்கம் ஒரு குறை உண்டு. நீங்கள் அதைக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மெரூனுக்குத் தமிழில் 'அரக்கு' என்ற சொல் இருக்கும்போது நாங்கள் அதை எழுதவில்லை. மரக்கிளையில் சிறு பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கசியவிடும் பிசின் இறுகிச் சொரசொரப்பான ஓடாகும். அதைப் பொடித்துத் தண்ணீரில் ஊறவைத்தால் சிவப்புச் சாயம் இறங்கும். பழுப்பும் சிவப்பும் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருக்கும் அந்த ஓட்டைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. அகநானூற்றின் 14ஆம் பாட்டு செம்மண் வழிக்கு அரக்கைத்தான் உவமை சொல்கிறது. துணியோடு புழங்குகிறவர்கள் இன்றும் அரக்கு என்றே சொல்கிறார்கள். இதழ் நடத்துகிற நாங்கள்தான் மறந்துவிட்டோம்.

அடுத்த இதழ் முதல் 'அரக்கு நிறம்' என்றே எழுதுவோம். 'அடர் சிவப்பு' என்று எழுத மாட்டோம்.