நடுவில் கிடைத்த நாற்காலி: கிளிஃபோர்ட் மிராண்டா பற்றிக் கேட்டவர்களுக்கு

சேலம் காந்தி மைதானத்தில் விளையாடி வளர்ந்தவன் நான். அப்புறம் ஒரு கல்லூரிக் கால்பந்து அணிக்கு 11 வருடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தேன். சென்னையின் எஃப்சி கால்பந்து அணி 2025-ல் கிளிஃபோர்ட் மிராண்டாவைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியதிலிருந்து நம் ஊர்ப் பிள்ளைகள் அவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, இவர் விளையாடி நாங்கள் பார்த்ததே இல்லை. பெரிய வீரரா?

நீங்கள் பார்த்திருக்க வயது இல்லை, தம்பி. 1982-ல் பிறந்த கோவாக்காரர், மிட்ஃபீல்டர். டெம்போ அணியில்தான் அவருடைய ஆட்ட வாழ்க்கையின் பெரும்பகுதி போனது. அர்மாண்டோ கொலாசோ பயிற்சியில் டெம்போ ஐந்து முறை தேசிய லீக் பட்டம் வென்ற காலம் அது. இந்தியாவுக்கும் ஆடியிருக்கிறார்.

சூரமங்கலத்திலிருந்து: உதவிப் பயிற்சியாளர் என்றால் கூம்பு அடுக்குவதும் பந்து பொறுக்குவதும்தானே சார்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசை. கூம்பு அடுக்குவது உண்டு, நானும் செய்தேன். ஆனால் அன்றைய பயிற்சி எப்படி ஓட வேண்டும் என்பது தெரிந்தவனால்தான் அதைச் சரியாக அடுக்க முடியும். கார்னர், ஃப்ரீ கிக் ஒத்திகை பல அணிகளில் உதவியாளர் பொறுப்புதான். எதிரணியின் ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்து, அவர்களுடைய லெஃப்ட் பேக் எப்போது முன்னேறிப் போகிறான், திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக் கொடுப்பதும் அவர்தான்.

இதையெல்லாம் விடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. 11 பேர் பட்டியலில் பெயர் வராத பையனோடு அன்று மாலை மைதானத்தைச் சுற்றி நடப்பது. தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்ல முடியாததை அவன் உதவியாளரிடம் சொல்வான். யாருக்கு முட்டி வலிக்கிறது, யாருக்கு வீட்டில் பிரச்சினை, யார் யாரோடு பேசிக்கொள்வதில்லை, எல்லாம் இவருக்குத் தெரியும். திடீரென்று ஒருநாள் அணியைக் கையில் கொடுத்தால் அவரால் நடத்த முடிவது அதனால்தான்.

ஆத்தூரிலிருந்து: 2020-ல் நம்ம சென்னையிடம் தோற்றவர்தானே இவர்?

ஆமாம், ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் பாருங்கள். 2020 ஜனவரி கடைசியில் எஃப்சி கோவா, தலைமைப் பயிற்சியாளர் செர்ஜியோ லொபேராவை நீக்கியது. இந்தியன் சூப்பர் லீக்கில் மூன்று ஆட்டங்கள்தான் பாக்கி. லீக்கில் முதலிடம் பிடிக்கும் அணிக்குத் தரும் ஷீல்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பொறுப்பு கிளிஃபோர்டிடம் வந்தது. ஹைதராபாதை 4-1, மும்பை சிட்டியை 5-2, ஜம்ஷெட்பூரை 5-0. மூன்று ஆட்டத்தில் 14 கோல்! கோவா லீக் ஷீல்டை வென்றது, ஆசியக் கிளப்புகளுக்கான ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றுக்குப் போன முதல் இந்திய அணியும் ஆனது.

பொதுவாக, புது கோச் வந்ததும் அணி ஜெயிப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அணி படுமோசமாக இருக்கும்போதுதான் பழையவரை அனுப்புவார்கள்; அதற்குக் கீழே போக இடம் இருக்காது. கோவா விஷயம் அப்படியல்ல. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி அது. லொபேரா கட்டிய ஆட்டத்தைக் கலைக்காமல் வைத்திருந்தாரே, அதைத்தான் நான் கெட்டிக்காரத்தனம் என்பேன். தனக்கும் ஒரு முத்திரை வேண்டும் என்று இரண்டு பேரை இடம் மாற்றியிருந்தால்கூட எல்லாம் குலைந்திருக்கும்.

அப்புறம் லீக் கோப்பைக்கான அரையிறுதி, இரண்டு ஆட்டங்கள். சென்னையில் 1-4 தோல்வி. கோவாவில் 4-2 வெற்றி. மொத்தக் கணக்கில் 6-5 என்று சென்னை தாண்டிவிட்டது. அன்று நான் சென்னைக்காகக் கத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓமலூரிலிருந்து: ஒடிசாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தும் ஏன் அங்கே இல்லை?

2023-ல் ஜோசெப் கோம்பாவு போனதும், அவருக்கு உதவியாளராக இருந்த கிளிஃபோர்ட் இடைக்காலப் பயிற்சியாளர் ஆனார். ஏப்ரலில் கோழிக்கோட்டில் பெங்களூரு எஃப்சியை 2-1 என்று வீழ்த்தி ஒடிசா, இந்தியக் கிளப்புகளுக்கான சூப்பர் கப்பை வென்றது. சில நாளிலேயே கோகுலம் கேரளாவை 3-1 என்று வென்று ஆசிய அளவிலான ஏஎஃப்சி கப்புக்கும் தகுதி பெற்றது. அதற்குப் பிறகு ஒடிசா லொபேராவைக் கொண்டுவந்தது. ஆமாம், அதே லொபேராதான். கிளிஃபோர்ட் மோகன் பகானுக்கு மறுபடி உதவியாளராகப் போனார். 2024 ஜனவரியில் அங்கேயும் தலைமை மாறிய நேரத்தில் சூப்பர் கப்பில் அணியை அவர்தான் நடத்தினார். ஈஸ்ட் பெங்காலிடம் 1-3 என்று தோற்றார்கள். ஒடிசாவில் கோப்பையோடு நின்றவரைத் தலைமைப் பொறுப்பில் வைத்துக்கொள்ளாதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒரு தாய்: 24 வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டு கோச் ஆகப்போகிறேன் என்கிறான் மகன். எதிர்காலம் உண்டா?

உண்டு, அம்மா. ஆனால் படிப்பு மாதிரி இதற்கும் படிக்கட்டு உண்டு: டி, சி, பி, ஏ, ப்ரோ என்று லைசென்ஸ்கள். ஏறி முடிக்கப் பல வருடமாகும். காலித் ஜமீலைப் பற்றி அவனிடம் சொல்லுங்கள். 2021-ல் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டில் நடுவில் பொறுப்பேற்று, மீதமிருந்த லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் அரையிறுதி வரை கொண்டுபோனார். 2025-ல் இந்திய அணிக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியர்: எங்கள் பள்ளி பி.டி. மாஸ்டர் விடுப்பில் போய்விட்டார். இரண்டு வாரத்தில் சேலத்தில் மேட்ச். அணி என் கையில். என்ன செய்யட்டும்?

சார், நல்ல பொறுப்பு வந்திருக்கிறது. மாஸ்டர் வைத்திருந்த 11 பேரையே இறக்குங்கள். கேப்டனை மாற்ற வேண்டாம். முதல் நாள் பயிற்சியில் நீங்கள் பேசுவதைக் குறைத்து, ஒவ்வொரு பையனிடமும் உன் இடத்தில் மாஸ்டர் என்ன செய்யச் சொல்வார் என்று கேளுங்கள். பாதித் திட்டம் அதிலேயே கிடைத்துவிடும். புதிதாகச் சேர்ப்பதென்றால் ஒரு கார்னர் ஒத்திகை போதும். பெஞ்சில் இருக்கும் பையன்களில் யார் எந்த நிமிடத்தில் இறங்குவான் என்று முந்தின நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. மலைக் குளிரில் ஓடிப் பழகியவர்களுக்குச் சேலத்து வெயில் சட்டென்று தாங்காது, தண்ணீர் நிறைய வேண்டும். மேட்ச் அன்று காலையில் கிளம்பாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிய கையோடு மைதானத்தில் விட்டால் பாதிப் பேருக்கு வயிற்றைப் புரட்டும். முந்தின நாள் மாலையே இறங்கி வந்துவிடுங்கள்.