ஜெர்மனிக்கு ஓ பேர் (ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு மொழி கற்பவர்) ஆகப் போக ஏஜென்சி 2 லட்சம் கேட்கிறது. ஏஜென்சியையும் போகப்போகும் குடும்பத்தையும் எப்படி நம்புவது?

ஜெர்மன் மொழியின் முதல் நிலையான ஏ1 முடித்துவிட்டு, வயது ஏறிக்கொண்டே போகிறதே என்ற பதற்றத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 வயது ஆகியிருக்கக் கூடாது என்பது விதி. அந்த அவசரத்தை வைத்துத்தான் ஊரில் பலர் காசு பார்க்கிறார்கள். அதனால் பண விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மன் சட்டப்படி, ஓ பேராக வருபவரிடம் ஒரு ஏஜென்சி வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 150 யூரோ. அங்குள்ள சமூகச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் புத்தகம், 296ஆம் பிரிவில் இது இருக்கிறது. நம் பணத்தில் சுமார் 15,000 ரூபாய். உங்களிடம் 2 லட்சம் கேட்பவர் இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார், அந்தச் சட்டம் அவரைத் தொடாது. சரி, மீதிப் பணம் எதற்கு என்று கேளுங்கள். விசா கட்டணம் எவ்வளவு, டிக்கெட் எவ்வளவு, மொழி வகுப்புக்கு எவ்வளவு, சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரட்டும். எழுதித் தர மறுக்கிறவரிடம் மேலே பேச ஒன்றும் இல்லை.

ஊர் ஏஜென்சிகள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நானும் ஒரு ஏஜென்ட் வழியாகத்தான் போனேன். "உனக்குப் போய் வேலை கிடைத்துவிட்டது, இப்போது எங்களைத் தடுக்கிறாயா" என்று இதற்கு முன் ஒரு பதிலில் திட்டு வாங்கியிருக்கிறேன். தடுக்கவில்லை. போங்கள், நல்ல வாய்ப்பு. எதைப் பிடித்துக்கொண்டு நம்புவது என்றுதான் கேட்டீர்கள், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் பொள்ளாச்சிப் பக்கம். கோவையில் ஜெர்மன் படித்தேன். சென்னைத் துணைத் தூதரகத்தில் விசா வாங்கி, ஹெஸன் மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் போனேன். என் ப்ரொஃபைலை எழுதியது ஏஜென்ட்தான். நான் சொன்னதோடு அவரும் சிலது சேர்த்திருந்தார். அதில் ஒன்று, நீச்சல் தெரியும் என்பது. வீடியோ காலில் அந்த அம்மா, கோடையில் பிள்ளைகள் தினமும் ஏரிக்குப் போவார்கள், நீங்கள் தனியாகக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். எனக்கு நீச்சல் தெரியாது, ப்ரொஃபைலில் இருப்பது நான் சொன்னதில்லை என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் திக்கித் திக்கித்தான் சொன்னேன். ஏஜென்ட் அன்று மாலையே போன் பண்ணி, "வந்த வரனைக் கெடுத்துக்கிட்டியேம்மா" என்று சத்தம் போட்டார். ஆனால் அந்தக் குடும்பம் என்னைத்தான் எடுத்தது. பிறகு ஒருநாள் அந்த அம்மாவே சொன்னார், அவர்கள் பேசிப் பார்த்த எல்லோருக்கும் எல்லாமே தெரிந்திருந்ததாம். தெரியாது என்று சொன்னது நான் ஒருத்திதானாம்.

இதை இன்றும் பெருமையாகத்தான் நினைக்கிறேன். நம்மில் பலர், நம்பிக்கை என்றால் அவர்கள் நம்மை ஏமாற்றாமல் இருப்பது என்று மட்டும் நினைக்கிறோம். முன்பின் பார்க்காத ஒருத்தியிடம் மூன்று வயதுக் குழந்தையை விட்டுவிட்டு அவர்கள் வேலைக்குப் போக வேண்டும். போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், குழந்தைகளோடு பழகிய அனுபவத்துக்குக் கடிதம் எல்லாம் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். நீங்களும் கேளுங்கள். அவர்கள் வீட்டில் முன்பு இருந்த ஓ பேரின் நம்பரைக் கேளுங்கள். நல்ல குடும்பம் தயங்காமல் தரும்.

போன பிறகு எல்லாம் சுமுகமாக இருந்ததா என்றால், இல்லை. அந்த அம்மாவின் தாயார் அடுத்த தெருவில் தனியாக இருந்தார். முதலில் அவருக்குக் காய்கறி வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். அப்புறம் ஜன்னல் துடைக்கச் சொன்னார்கள். அப்புறம் வாராவாரம் அந்த வீடு முழுக்கத் துடைப்பது என் வேலை ஆகிவிட்டது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அதட்டவில்லை. "நீ எங்கள் மகள் மாதிரி" என்று அன்பாகச் சொல்லித்தான் கேட்டார்கள். அதனாலேயே மறுப்பது கஷ்டமாக இருந்தது.

ஜெர்மனியின் விதிகள் இதில் தெளிவானவை. ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம், அவ்வளவுதான். இரவில் குழந்தைக்குக் காவல் இருப்பதும் அதில் அடக்கம். வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழு விடுமுறை. வருடத்துக்கு 4 வாரம் சம்பளத்தோடு லீவு. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, அதற்கு மேல் மொழி வகுப்புக்கு ஒரு தொகை. காப்பீடு குடும்பத்தின் செலவு. தனி அறை வேண்டும். வீட்டு வேலை என்பது அந்த வீட்டில் செய்யும் சின்னச் சின்ன உதவிதான். பாட்டி வீடு அதில் வராது.

இத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தும் வாயைத் திறக்க முடியவில்லை. காப்பாற்றியது ஏஜென்டின் ஜெர்மன் கூட்டாளி ஏஜென்சியில் இருந்த ஒரு பெண்மணி. மாதம் தவறாமல் எனக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியாகப் போன் செய்வார். நான் தயங்கியதைக் குரலிலேயே கண்டுபிடித்து நேரில் வந்துவிட்டார். சமையலறை மேசையில் எல்லோரையும் உட்கார வைத்தார். நான் வேலை நேரத்தைக் குறித்து வைத்திருந்த நோட்டை எடுத்ததும் வீட்டு ஐயாவுக்கு முகம் வாடிவிட்டது. மகளாக நினைத்தோமே, கணக்கு எழுதி வைத்திருக்கிறாளே என்று வருத்தம். அந்தப் பெண்மணி அவருக்கு ஆறுதலும் சொல்லவில்லை, என்னைப் பாராட்டவும் இல்லை. ஒரு தாளில் அடுத்த வாரத்துக்கான நேரத்தைக் கட்டம் போட்டு எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி, ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனார். அதிலிருந்து ஞாயிறு தோறும் அடுத்த வாரத்துக்கான தாளை நாங்களே எழுதினோம். பாட்டி வீட்டுக்கு ஒரு ஆள் போட்டார்கள். கொஞ்ச நாளில், நேரம் முடிந்தால் அந்த அம்மாவே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, என்னைப் போகச் சொல்ல ஆரம்பித்தார். எங்களுக்குள் நிஜமான பாசம் வந்தது அந்தத் தாளுக்குப் பிறகுதான். இன்றும் கிறிஸ்துமஸுக்கு அங்கேதான் போகிறேன்.

என்னோடு மொழி வகுப்பில் இருந்த இன்னொரு தமிழ்ப் பெண்ணுக்கு அப்படி யாரும் இல்லை. அவளுக்கு ஏஜென்சி என்பது ஒரு வாட்ஸ்அப் நம்பர். பணம் கட்டி விசா வந்த பிறகு அதுவும் எடுக்கவில்லை. காலையிலிருந்து இரவு வரை வேலை, வகுப்புக்கு வரவே விடமாட்டார்கள். கடைசியில் வகுப்பு ஆசிரியைதான் வெளியே கொண்டுவந்து வேறு குடும்பம் பார்த்துக் கொடுத்தார். குடும்பம் மாறலாம், அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தை அணுக வேண்டும் என்பதுகூட அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே ஏஜென்சியிடம் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இது: இந்தக் குடும்பம் ஒத்துவரவில்லை என்றால் அன்று இரவு நான் எங்கே தூங்குவேன்? நல்ல ஏஜென்சி ஒரு ஆளின் பெயரையும் ஊரையும் சொல்லும். "அதெல்லாம் வராதும்மா" என்று பதில் வந்தால் அங்கே யாரும் இல்லை என்று அர்த்தம்.

2002-லிருந்து ஜெர்மனியில் ஓ பேர் ஏஜென்சி நடத்தத் தனி அனுமதி தேவையில்லை. யார் வேண்டுமானாலும் கடை திறக்கலாம். தரத்துக்கு 'ரால்' என்ற முத்திரை இருக்கிறது. ஆனால் அது விருப்பப்பட்டவர்கள் வாங்குவது. இருந்தாலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். நெதர்லாந்தில், குடிவரவுத் துறை அங்கீகரித்த ஏஜென்சி வழியாக மட்டும்தான் ஓ பேரை அழைக்க முடியும். அங்கே தவறு நடந்தால் யாரைப் பிடிப்பது என்று அரசுக்குத் தெரியும். நார்வே, கலாச்சாரப் பரிமாற்றம் என்ற பெயரில் மலிவான வீட்டு வேலைதான் நடக்கிறது என்று சொல்லி 2024 மார்ச்சில் திட்டத்தையே மூடிவிட்டது. பிலிப்பைன்ஸ் 1998-இல் தன் பெண்களை ஐரோப்பாவுக்கு ஓ பேராக அனுப்புவதையே தடை செய்து, 2012-இல்தான் முழுதாக விலக்கியது. நம் பிள்ளைகள் போகிறார்கள், நம் பக்கத்தில் இதைக் கவனிக்க ஒருவரும் இல்லை.

சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று. நான் கிளம்பும்போது சொந்தக்காரர்கள் கேட்டது, "டிகிரி படிச்சிட்டு ஆயா வேலைக்கா ஜெர்மனி போற?" என் சித்தி அங்கன்வாடியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஊரில் பாதிப் பேரின் பிள்ளைகள் அவர் கையில் வளர்ந்தவர்கள். அரசு ஊழியராக அங்கீகரியுங்கள், முறையான பென்ஷன் கொடுங்கள் என்று வெயிலில் உட்கார்ந்து போராடியவர்களில் அவரும் ஒருவர். குழந்தையைப் பார்த்துக்கொள்வதை ஒரு வேலையாகவே மதிக்காத அதே வாய்தான் என்னையும் கேட்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இது எனக்கு ஆறவே இல்லை. உங்கள் வீட்டிலும் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

போகும்போது போனில் இரண்டு நம்பர் சேமித்துக்கொள்ளுங்கள். போலீஸ் 110. பெண்களுக்கு எதிரான வன்முறைக்கான உதவி எண் 116 016, இலவசம், ஆங்கிலத்திலும் பேசலாம். சர்ச்சுகளோடு தொடர்புள்ள இன் வியா போன்ற அமைப்புகள் ஓ பேர்களுக்கு ஆலோசனை தருகின்றன, எந்த மதத்தவரும் போகலாம். பாஸ்போர்ட் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், ஜெர்மனியில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் உங்களை ஓ பேராக அழைப்பதாக யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டில் ஜெர்மன் பேசினாலும், அது அவர்களின் தாய்மொழியாக இல்லாவிட்டால், அவர்கள் சொந்த நாட்டிலிருந்து ஓ பேரை எடுக்க முடியாது. சொந்தக்காரர்களும் கூடாது. அந்தப் பேப்பருக்கு விசா வராது. கட்டிய பணத்தையும் திருப்பி வாங்க முடியாது.