வாடகைச் சட்டமே செல்லாது என்று வழக்குப் போடலாமா? கேள்வி பதில்

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை எதிர்த்து சொத்து உரிமையாளர்கள் தொடுக்கும் அரசியல் சாசன வழக்குகள் பற்றி வந்த கேள்விகள் இவை. பெரும்பாலும் வாடகை வழக்குகளையே நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவர் பதில் சொல்கிறார்.

சார், அப்பா காலத்தில் வாடகைக்கு விட்ட கடை. இன்னமும் மாதம் 900 ரூபாய்தான் தருகிறார்கள். இது என் சொத்துரிமையைப் பறிப்பது இல்லையா? சட்டத்தையே எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா? (மதுரை)

நீங்கள் எதிர்க்க நினைக்கும் 1960-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல், தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றிய புதிய சட்டம்தான் நடப்பில் இருக்கிறது. அதில் 'நியாய வாடகை' என்று கோர்ட் கணக்குப் போடும் வேலை கிடையாது. இரு தரப்பும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும், அதில் உள்ளதுதான் வாடகை. பழைய குடித்தனக்காரர் ஒப்பந்தத்துக்கு வரவில்லை என்றால், அதையே காரணம் காட்டி வாடகை நீதிமன்றத்துக்குப் போக அந்தச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு வழிவிடுகிறது. அங்கே முடிகிற வேலைக்கு உயர்நீதிமன்றம் வரை ஏன் அலைய வேண்டும்?

சொத்துரிமை என்ற வாதத்துக்கும் பெரிய பலம் இல்லை. 1978-இல் வந்த 44-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்துவிட்டது. மிச்சம் இருப்பது அரசியல் சாசனத்தின் 300ஏ பிரிவு. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது, அவ்வளவுதான் அது சொல்வது. "வாடகைக் கட்டுப்பாடும் சட்டம்தானே" என்று அரசு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

அப்படியானால் உரிமையாளர்கள் ஜெயித்ததே இல்லையா? (கோவை)

ஜெயித்திருக்கிறார்கள். பெரும்பாலும் சொத்துரிமையைச் சொல்லி அல்ல, அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவு தரும் சமத்துவத்தைச் சொல்லி. நான் எல்லாருக்கும் முதலில் எடுத்துக்காட்டுவது மும்பை வழக்கைத்தான்.

அங்கே 1947-ஆம் ஆண்டுச் சட்டம், 1940 செப்டம்பர் 1 அன்று ஒரு கட்டடத்துக்கு என்ன வாடகையோ அதையே 'ஸ்டாண்டர்டு ரென்ட்' என்று உறைய வைத்தது. போர்க்காலத்தில் ஊர் நிரம்பி வழிந்தபோது அதற்கு நியாயம் இருந்தது. ஐம்பது வருடம் கழித்தும் அதே வாடகை. கொத்தனார் கூலியும் சிமெண்ட் விலையும் மட்டும் 1940-இல் நிற்கவில்லை. மல்பே விஸ்வநாத் ஆச்சார்யா என்ற வழக்கில் 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: இயற்றியபோது சரியாக இருந்த சட்டம், காலம் போனதாலேயே நியாயமற்றதாக ஆகலாம், இந்தப் பிரிவுகள் அப்படி ஆகிவிட்டன.

சரி, ரத்து செய்தார்களா? இல்லை. அந்தச் சட்டத்தின் ஆயுள் 1998 மார்ச் 31-இல் முடிய இருந்தது, அரசு புதிதாக ஒன்று கொண்டுவரட்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் காலக்கெடுவை நீட்டினார்கள். 2000 மார்ச் 31-இல்தான் புதிய சட்டம் அமலுக்கு வந்தது. அது கொடுத்தது ஆண்டுக்கு 4 சதவீத உயர்வு. அதுவும் பழைய அடிமட்ட வாடகையின் மேல். மாதம் 50 ரூபாய் வருகிற வீட்டுக்கு அடுத்த வருடம் 52. தீர்ப்பில் ஜெயித்துப் பையில் தோற்றார்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் 'காலப்போக்கில் செல்லாமல் போகும்' என்ற அந்த வாதம் நிலைத்துவிட்டது.

டெல்லியில் கடையைச் சொந்தத் தேவைக்குக் காலி செய்ய முடியாமல் இருந்ததாமே?

ஆமாம். 1958 டெல்லிச் சட்டத்தில், சொந்தத் தேவை என்று வீட்டைத்தான் கேட்கலாம், கடையைக் கேட்க முடியாது. பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்து கடை வைத்துப் பிழைத்தவர்களைக் காப்பாற்ற அந்த வித்தியாசம் தேவைப்பட்டது. சத்யவதி சர்மா வழக்கில், 2008-இல், உச்ச நீதிமன்றம் அந்தக் காரணம் இப்போது இல்லை என்றது. மொத்தச் சட்டத்தையும் தொடவில்லை. வீட்டுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்திய சொற்களை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடையை இதே போல விலக்கிய பஞ்சாப் சட்டத் திருத்தம் 1995-இலேயே விழுந்துவிட்டது. நம் 1960 சட்டத்தில் கடைக்கும் சொந்தத் தேவை இருந்தது, அதனால் இங்கே அந்தச் சண்டையே எழவில்லை.

நான் வாடகைக்கு இருப்பவள். எல்லாரும் உரிமையாளர் பக்கமே பேசுகிறீர்கள். 14-ஆவது பிரிவு எங்களுக்கு இல்லையா? (சென்னை)

உங்களுக்கும்தான் அம்மா. பழைய தமிழ்நாட்டுச் சட்டத்தில் மாத வாடகை 400 ரூபாய்க்கு மேல் போனால் அந்த வீட்டுக்குப் பாதுகாப்பு இல்லை என்று 30-ஆவது பிரிவு சொன்னது. கடைகளுக்கு அப்படி உச்சவரம்பே கிடையாது. மாதம் 5,000 கொடுக்கும் கடைக்காரருக்குப் பாதுகாப்பு, 500 கொடுக்கும் குடும்பத்துக்கு இல்லை! ரத்தன் ஆர்யா வழக்கில், 1986-இல், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர்கள் குடித்தனக்காரர்கள்.

அந்தச் சட்டத்தில் குடித்தனக்காரர்களுக்குப் பாடும் அதிகமாக இருந்தது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் முதலில் வங்கிப் பெயர் கேட்டு நோட்டீஸ், பதில் இல்லையென்றால் கமிஷனைக் கழித்துக்கொண்டு மணியார்டர், அதுவும் திரும்பி வந்தால் கோர்ட்டில் டெபாசிட் அனுமதி மனு. இதில் ஒரு படியைத் தாண்டினாலும் வாடகை பாக்கி வழக்கில் மாட்டிக்கொள்வார்கள். 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதிய கூப்பனைப் பத்திரமாக வைத்திருந்த ஒரே காரணத்தால் வீட்டைக் காப்பாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2024-இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பு வந்ததே, தனியார் சொத்தை அரசு எடுக்க முடியாது என்று. இனி வாடகைச் சட்டம் எல்லாம் காலிதானே? (திருச்சி)

இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த அளவுக்கு அந்தத் தீர்ப்பு போகவில்லை.

அது மும்பையின் 'செஸ்' கட்டடங்கள் பற்றியது. உரிமையாளர் சீர் செய்யாததால், குடியிருப்பவர்களிடம் வரி வாங்கி வீட்டுவசதி வாரியமே பழுதுபார்க்கும் பழைய கட்டடங்கள். 1986-இல் ஒரு திருத்தம் வந்தது: குடியிருப்போரில் 70 சதவீதம் பேர் கேட்டால், மாத வாடகையைப் போல நூறு மடங்கு கொடுத்துக் கட்டடத்தைக் கையகப்படுத்தலாம். உறைந்துபோன வாடகையில் நூறு மடங்கு! 50 ரூபாய் வீட்டுக்கு ஐயாயிரம். உரிமையாளர் சங்கம் 1992-இல் உச்ச நீதிமன்றம் போனது. ஐந்து, ஏழு, ஒன்பது நீதிபதிகள் என்று வழக்கு ஏறிக்கொண்டே போய், 2024 நவம்பர் 5-இல் பதில் வந்தது. ஒவ்வொரு தனியார் சொத்தும் அரசியல் சாசனத்தின் 39(பி) பிரிவு சொல்லும் 'சமூகத்தின் பொருள் வளம்' ஆகிவிடாது, சில வகைச் சொத்துகள் ஆகலாம் என்பது பெரும்பான்மையின் முடிவு. கேட்கப்பட்ட அரசியல் சாசனக் கேள்விக்கான பதில் மட்டும்தான் அது. வாடகைக் கட்டுப்பாடு செல்லாது என்று அதில் எந்த வரியும் இல்லை.

அமெரிக்காவில் சொத்துரிமை பலமானதாயிற்றே, அங்கே?

அங்கேயும் கதை இதேதான். 1921-இலேயே வாஷிங்டன் வாடகைச் சட்டத்தை அவர்கள் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நியூயார்க் உரிமையாளர்கள் 2019 திருத்தங்களுக்குப் பின் பெரிய அளவில் எதிர்த்துப் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை.

புதிய வாடகைச் சட்டத்தை அமல்படுத்தச் சொல்லியாவது கோர்ட்டைக் கேட்கலாமா?

டெல்லியில் கேட்டுப் பார்த்தார்கள். 1995-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்தும் போட்ட டெல்லி வாடகைச் சட்டம், வியாபாரிகள் எதிர்ப்பால் அமலுக்கு வரவே இல்லை. தேதி குறிப்பது அரசின் வேலை, நாங்கள் உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் கைவிரித்துவிட்டது.

கோயில் கடையில் இருக்கிறேன். வாடகையை உயர்த்துகிறார்கள். சமத்துவம் என்று வாதாடலாமா? (கும்பகோணம்)

கடினம். மத, தர்ம அறக்கட்டளைக் கட்டடங்களுக்குப் பழைய சட்டத்திலிருந்து தந்த விலக்கு செல்லும் என்று 1985-லேயே தீர்ப்பு இருக்கிறது. வாடகை நிர்ணயத்தில் குறை என்றால் அறநிலையத் துறைச் சட்டத்தின் 34ஏ பிரிவில் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கும் கால வரம்பு உண்டு, நிர்ணய உத்தரவு கைக்கு வந்த தேதியை இன்றே குறித்து வையுங்கள்.