வரைபடச் செயலிகளும் பள்ளிக் கணிதமும்: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐயா, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் 8 மதிப்பெண் வரைபட வினாவைத் தாளில்தான் வரைய வேண்டும். அப்படியிருக்க, ஜியோஜீப்ரா என்ற வரைபடச் செயலிக்கு வகுப்பு நேரத்தைச் செலவிடுவது தகுமா?

தாளில் வரையும் பயிற்சியைக் குறைக்கவே வேண்டாம். ஆனால் தாளில் ஒரு வகுப்பு நேரத்தில் ஒன்றிரண்டு பரவளையங்களுக்கு மேல் வரைய இயலாது என்பதால், கெழு மாறும்போது வளைவரை எவ்வாறு மாறுகிறது என்பதை மாணவர் காண்பதேயில்லை. எக்ஸ் வர்க்கத்தின் கெழுவையும் மாறிலியையும் 1 என நிறுத்திவிட்டு, எக்ஸின் கெழுவை மட்டும் ஸ்லைடரில் (எண்ணின் மதிப்பை இழுத்து மாற்றும் பட்டையில்) −4 முதல் 4 வரை நகர்த்துங்கள். நகர்த்துவதற்கு முன், படம் எந்தப் பக்கம் போகும் என்று ஒவ்வொருவரும் குறிப்பேட்டில் எழுதியே ஆகவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பெரும்பாலோர் பக்கவாட்டில் நகரும் என்றே எழுதுவார்கள். பரவளையம் திரும்பும் புள்ளியான முனைக்குத் தடம் காட்டும் வசதியை இயக்கினால், அது கீழ்நோக்கித் திறந்த மற்றொரு பரவளையத்தின் மீது செல்வதும், எல்லா வளைவரைகளும் (0, 1) என்ற புள்ளி வழியே போவதும் தெரியும். ஏன் என்ற கேள்வி அப்போது மாணவரிடமிருந்தே எழும். முனையின் ஆயத்தொலைவுகளைக் கண்டுபிடிக்கும் இயற்கணிதத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

எக்செல் தரும் திட்ட விலக்கம் பாடநூல் விடையோடு பொருந்தவில்லையே?

2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற தரவுக்குப் பாடநூல் முறையில் விடை 2. எக்செலில் சிலருக்கு 2.14 வரும். சராசரியிலிருந்து எடுத்த விலக்க வர்க்கங்களின் கூடுதலான 32-ஐப் பாடநூல் 8 ஆல் வகுக்கிறது. கூறுக்கான, அதாவது முழுத் தொகுதியிலிருந்து எடுத்த ஒரு பகுதிக்கான, எக்செல் சார்போ 7 ஆல் வகுக்கிறது. பெயர் 'பி' என முடியும் சார்பு முழுமைத் தொகுதிக்கும், 'எஸ்' என முடிவது கூறுக்கும் உரியவை. பள்ளிக்கு முதலாவதே போதும்.

பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் இரு மாறிகளின் தொடர்பை அளக்கும் ஒட்டுறவுக் கெழுவை நொடியில் கணித்துவிடலாம் என்றால், சிதறல் படம் எதற்கு?

இக்கேள்விக்குப் புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுப்புகளைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றிலும் 11 இணைகள். நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி ஏறக்குறைய 7.5, ஒட்டுறவுக் கெழு ஏறக்குறைய 0.82. புள்ளிகளுக்குப் பொருத்தி வரையும் தொடர்புப் போக்குக் கோடும் அநேகமாக ஒன்றே. படத்திலோ முதலாவது சாதாரணச் சிதறல், இரண்டாவது தெளிவான வளைவு, மூன்றாவது ஒரே ஒரு புள்ளி விலகி நிற்கும் நேர்கோடு. நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே நிலைக்குத்துக் கோட்டில் நிற்க, தனித்து நிற்கும் ஒன்றே ஒட்டுறவு முழுவதையும் உண்டாக்குகிறது. முதலில் எண்களை மட்டும் கொடுத்து நான்கும் ஒரே மாதிரியா என்று கேளுங்கள். படத்தைப் பிறகு காட்டுங்கள்.

எங்கள் பள்ளியில் ஒரே கணினி. இணையமும் நிலையாக இல்லை.

ஜியோஜீப்ராவை ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. ஒரே திரை இருந்தால், ஸ்லைடரை மாணவரை முறைவைத்து நகர்த்தச் சொல்லுங்கள்; மற்றவர் கணிப்பை எழுதட்டும்.

ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கோடுகளை வரைந்தேன். திரையில் செங்கோணமாகத் தெரியவில்லை.

சாய்வுகளின் பெருக்கற்பலன் −1 என்றால் உங்கள் கணக்கு சரி. இரு அச்சுகளின் அளவுத்திட்டம் வேறுபட்டிருக்கும். அச்சு விகிதத்தை 1:1 ஆக்கிப் பாருங்கள்.