எசேக்கியா விரித்த கடிதம்: வாசகர் கேள்விகள்

கி.மு. 701-ல் அசீரியா ராஜா சனகெரிப் யூதாவுக்குள் படையோடு வந்து, அரணான பட்டணங்களைப் பிடித்துவிட்டு எருசலேமை மிரட்டிய நாட்களைப் பற்றிச் சென்ற இதழில் பார்த்தோம் (2 இராஜாக்கள் 18-20, 2 நாளாகமம் 32, ஏசாயா 36-39). அவன் அனுப்பிய மிரட்டல் கடிதத்தை யூதா ராஜா எசேக்கியா ஆலயத்தில் கர்த்தருக்கு முன்பாக விரித்து ஜெபித்தார்; ஒரே இராத்திரியில் அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேர் மாண்டார்கள், எருசலேம் தப்பியது. அதையொட்டி வந்த கேள்விகளில் சில.

கடைக்காக வீட்டை அடகு வைத்து வாங்கிய கடனில் தவணை தவறி, வங்கியிலிருந்து 60 நாள் நோட்டீஸ் வந்துவிட்டது. வக்கீலைப் பார்ப்போம் என்கிறார் என் கணவர். எங்கள் ஜெபக்குழு அண்ணன் ஒருவரோ, "யுத்தம் கர்த்தருடையது, நீங்கள் சும்மா இருங்கள், வக்கீலிடம் போவது அவிசுவாசம்" என்கிறார். எது சரி?
*வாசகி, தூத்துக்குடி*

வக்கீலைப் பாருங்கள் சகோதரி, இந்த வாரமே. சர்ஃபாசி சட்டப்படி (அடகுச் சொத்தைக் கைப்பற்றிக் கடனை வசூலிக்க வங்கிகளுக்கு இடம் தரும் சட்டம்) வந்த நோட்டீஸ் என்றால், அந்த 60 நாளுக்குள் உங்கள் ஆட்சேபனையை எழுத்தில் கொடுக்கலாம். அதை ஏற்காவிட்டால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். 60 நாளும் கடந்து, வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கையில் வங்கி இறங்கினால், அதிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மதுரையில் ஒன்று இருக்கிறது. கெடு தவறிவிட்டால் அதே காரியத்துக்கு இரண்டு மடங்கு அலைய வேண்டியிருக்கும்.

அண்ணன் சொன்ன "சும்மா இருங்கள்" யாத்திராகமம் 14:14-ல் இருப்பது. அவரோடு உட்கார்ந்து 15-ஆம் வசனத்தையும் வாசியுங்கள். ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல் என்று கர்த்தர் மோசேக்குக் கட்டளையிடுகிறார்.

எசேக்கியாவும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. நகருக்கு வெளியே இருந்த ஊற்றுகளைத் தூர்த்தார். வருகிற எதிரிக்குத் தண்ணீர் எதற்கு? இடிந்த மதிலைக் கட்டி, அதற்கு வெளியே இன்னொரு மதிலும் எழுப்பினார். ஆயுதங்களும் கேடயங்களும் செய்வித்தார். கீகோன் ஊற்றைப் பாறைக்குள்ளாகவே நகருக்குள் திருப்பினார். அந்தச் சுரங்கத்தில் இன்றும் தண்ணீரில் கால் நனைய நடந்துபோகலாம். நீளம் 533 மீட்டர். முனைக்கு முனை சரிவு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர்தான். இரண்டு கூட்டத்தார் இரு முனைகளிலிருந்தும் வெட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தார்கள். மூன்று முழம் மீதியிருக்கும்போது ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம் கேட்டது என்று, 1880-ல் அங்கே கிடைத்த கல்வெட்டு சொல்கிறது. அதில் ராஜாவின் பெயர்கூட இல்லை. குந்தாலி பிடித்தவர்களின் சந்தோஷம் மட்டும் இருக்கிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஏசாயா 22:9-11 இதே வேலைகளைக் குறை சொல்கிறது. தண்ணீரைத் தேக்கினீர்கள், மதிலை அரணாக்க வீடுகளை எண்ணிப் பார்த்து இடித்தீர்கள், ஆனால் இதையெல்லாம் ஏற்படுத்தினவரை நோக்கவில்லையே என்கிறார் தீர்க்கதரிசி. (வீடுகளின் மேலேயே எழுப்பப்பட்ட, ஏறக்குறைய 7 மீட்டர் அகலமான மதில் ஒன்று 1970-களில் எருசலேமில் தோண்டி எடுக்கப்பட்டது.) சுரங்கம் வெட்டியதில் குற்றமில்லை; வெட்டினால் போதும் என்று இருந்துவிட்டதுதான் குற்றம். உங்கள் விஷயத்தில் அவிசுவாசம் எப்போது நுழையும் தெரியுமா? வருமானக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் காட்டலாம், வீட்டை மைத்துனர் பேருக்கு எழுதி வைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்லி, அதற்குத் தலையாட்டும்போது.

சனகெரிப்புக்குப் பணம் கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தவரைப் போய் ஏன் விசுவாச வீரர் என்கிறோம்?
*வாசகர், வேலூர்*

கொடுத்தது உண்மை. 2 இராஜாக்கள் 18:14-16 அதை மறைக்கவில்லை: 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். ஒரு தாலந்தை 30 கிலோ என்று குறைத்தே வைத்தாலும் பொன் மட்டும் 900 கிலோ வருகிறது. சனகெரிப்பின் சொந்தக் கல்வெட்டும் 30 தாலந்து பொன் என்றே சொல்கிறது. வெள்ளியை மட்டும் 800 ஆக்கியிருக்கிறான். இந்தத் தொகைக்காக, ஆலயக் கதவுகளில் தானே அடித்திருந்த பொன் தகட்டை எசேக்கியா உரித்தெடுத்தார். பணமும் போயிற்று, படையும் வந்தது. கந்துவட்டிக்காரனின் வாயைப் பணத்தால் அடைக்கப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தில், தான் தகடு உரித்த அதே ஆலயத்துக்குள்தான் அவர் இரட்டு உடுத்திக்கொண்டு போகிறார். வெட்கப்பட்டுப் போகாமல் இருந்துவிடவில்லை.

எசேக்கியா கடிதத்தை விரித்ததுபோல, எங்கள் சபையில் மருத்துவ அறிக்கை, கோர்ட் நோட்டீஸ் எல்லாவற்றையும் பீடத்தின் முன் விரித்து ஜெபிக்கிறோம். இது சரியான முறைதானா?
*வாசகி, நாகர்கோவில்*

தப்பில்லை. ஆனால் காகிதத்தை விரிப்பதில் தனி வல்லமை எதுவும் இல்லை. 2 இராஜாக்கள் 19:14-ஐக் கவனியுங்கள்: கடிதத்தை வாங்கி, வாசித்து, அதன் பிறகுதான் விரித்தார். கவரைப் பிரிக்கப் பயந்து, பிரிக்காமலே ஜெபத்துக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. முதலில் முழுவதும் வாசியுங்கள். தொகை எவ்வளவு, கடைசித் தேதி எது, புரியாத சொல் எது என்று பென்சிலால் குறியுங்கள். அறிக்கை புரியாவிட்டால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

அவர் ஜெபம் ஐந்தே வசனம், 15 முதல் 19 வரை. தேவன் யார் என்பதில் தொடங்குகிறது: கேருபீன்களின் நடுவே வாசமாயிருப்பவர், பூமியின் ராஜ்யங்களுக்கெல்லாம் ஒரே தேவன், வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர். பிறகு, சனகெரிப் சொன்னதைக் கேளும், பாரும் என்கிறார். 17-ஆம் வசனத்தில் நிலைமையை ஒப்புக்கொள்கிறார்: அசீரிய ராஜாக்கள் தேசங்களைப் பாழாக்கியது மெய்தான். அந்தத் தேசங்களின் தெய்வங்கள் மரமும் கல்லும் என்பதால் அழிந்தன என்று 18-ல் வித்தியாசம் காட்டுகிறார். இரட்சியும் என்ற கோரிக்கை கடைசி வசனத்தில்தான் வருகிறது. அதையும் தன் சிங்காசனத்துக்காகக் கேட்கவில்லை. நீரே தேவன் என்று ராஜ்யங்கள் அறியும்படிக்கு என்று கேட்கிறார்.

நம் ஜெபங்களில் காணாமல் போவது அந்த 17-ஆம் வசனம். எதிர்மறையாக அறிக்கை செய்யக்கூடாது என்று சொல்லி, வியாதியின் பேரைக்கூட உச்சரிக்க விடமாட்டார்கள். எசேக்கியா எதிரியின் பலத்தைப் பேர் சொல்லியே ஜெபித்தார். அதனால் விசுவாசம் குறைந்துபோகவில்லை.

இன்னொன்று, அவர் தனியாகச் சுமக்கவில்லை. எலியாக்கீம், செப்னா, ஆசாரியரில் மூப்பர் இவர்களை ஏசாயாவிடம் அனுப்பினார். பிள்ளைப்பேறு நெருங்கிவிட்டது, பெறவோ பெலனில்லை என்று சொல்லியனுப்பினார். அப்படி மனம்விட்டுச் சொல்ல இரண்டு மூன்று பேர் போதும். 200 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போடவேண்டாம்.

என் மாமனார் வீட்டில் விசுவாசத்தைக் கேலி செய்கிறார்கள். ரப்சாக்கேக்குப் பதில் சொல்லாமல் இருந்ததுபோல வாயை மூடிக்கொண்டே இருக்க வேண்டுமா?
*வாசகி, கோயம்புத்தூர்*

சனகெரிப் அனுப்பிய அதிகாரியான ரப்சாக்கே, எசேக்கியா ராஜாவின் ஆட்களிடம் பேசுவதுபோல நின்று, மதில்மேல் இருந்த ஜனங்களின் காதில் விழட்டும் என்றே அவர்கள் பாஷையில் பேசினான். சீரிய பாஷையில் பேசும் என்று கேட்டுக்கொண்டும் மறுத்தான். பதில் பேசப் பேச, அவனுக்கு மேடை போட்டுக் கொடுத்ததாகியிருக்கும். உங்கள் மாமனார் வீட்டார் எதிரிப் படை அல்ல. நேராகக் கேள்வி கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் உங்களைச் சீண்டுவதற்கென்றே பேசும்போது மட்டும், ஜனங்கள் பதில் சொல்லாமல் இருந்த 18:36 பொருந்தும்.

அவன் பேச்சில் கவனிக்க வேண்டியது அதிலிருந்த உண்மைதான். எகிப்து நெரிந்த நாணற்கோல் என்றான். எகிப்தை நம்பாதே என்று ஏசாயாவும்தான் சொல்லியிருந்தார். கர்த்தர்தான் என்னை அனுப்பினார் என்றான். அசீரியா கர்த்தருடைய கோபத்தின் கோல் என்பது ஏசாயா 10:5. முக்கால் உண்மையைப் பேசி, கடைசியில் "ஆகையால் சரணடையுங்கள்" என்று முடித்தான். கேலியில் நியாயமான குறை ஒன்று இருந்தால் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் முடிவை ஏற்க வேண்டியதில்லை.

புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை 2 இராஜாக்கள் 19:34, இந்த நகரத்தை இரட்சிப்பேன் என்ற வசனம். என் சொத்து வழக்கு ஜெயிக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?
*வாசகர், திருச்சி*

வேண்டாம். காரணம் எருசலேமின் சரித்திரத்திலேயே இருக்கிறது. நூறு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலம் கழித்துப் பாபிலோன் வந்து நின்றபோது, இது கர்த்தரின் ஆலயம் இருக்கும் நகரம், விழாது என்று ஜனங்கள் இருந்தார்கள். அது பொய்வார்த்தை என்று எரேமியா 7-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. பாபிலோன் பிரபுக்களிடம் வெளியே போய்ச் சரணடைந்தால் பிழைப்பாய், நகரமும் எரியாது என்று அப்போதைய ராஜா சிதேக்கியாவுக்குச் சொல்லப்பட்டது (எரேமியா 38:17). அவன் யூதருக்குப் பயந்து கேட்கவில்லை. கி.மு. 586-ல் நகரம் எரிந்தது.

அதே நகரம், அதே மாதிரி முற்றுகை. எசேக்கியாவுக்குக் கதவைத் திறக்காதே. சிதேக்கியாவுக்கு வெளியே போ. கர்த்தரை நம்புவதென்றால் பழைய பதிலைத் திரும்பச் சொல்வது என்று நினைத்தவர்கள்தான் இரண்டாவது முறை ஏமாந்தார்கள். அட்டையில் வந்த வசனத்தை ஜெபமாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு நகலாக அல்ல. முதலில் அது வரும் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். பிறகு உங்கள் வழக்குக்கு நேரடியாகப் பொருந்தும் கட்டளைகளைத் தேடுங்கள்; பிறன் எல்லைக்குறியை ஒற்றிப்போடாதே என்பது (உபாகமம் 19:14) சொத்து வழக்குக்கு அட்டையைவிட நெருக்கமானது. பத்திரத்தைப் பார்க்கையில் எதிர்தரப்பின் பங்கு நியாயம் என்று தெரிந்தால், கொடுத்துவிட்டுச் சமாதானமாவதுதான் உங்களுக்குக் கீழ்ப்படிதலாக இருக்கும்.

எருசலேம் தப்பியது. லாகீஸ்? அங்கே ஜெபித்தவர்கள் இல்லையா?
*வாசகர், யாழ்ப்பாணம்*

எருசலேமுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருந்தது லாகீஸ். அது விழுந்ததைச் சனகெரிப் நினிவேயில் தன் அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். அந்தக் கற்கள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மதிலுக்கு ஏறும் முற்றுகை மேடு, கழுவேற்றப்பட்ட ஆண்கள், மாட்டு வண்டியில் மூட்டைமுடிச்சோடு ஊரைவிட்டுப் போகும் குடும்பங்கள் எல்லாம் அவற்றில் உண்டு. அந்த மேட்டின் மிச்சம் லாகீஸில் இன்னும் நிற்கிறது. 46 பட்டணங்களைப் பிடித்ததாகவும் 2,00,150 பேரை வெளியேற்றியதாகவும் அவன் எழுதி வைத்தான். ராஜாக்கள் கணக்கைப் பெருக்குவது வழக்கம்தான். பாதி என்று வைத்தாலும் அது பெரிய துயரம்.

அங்கே ஜெபித்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. மீகா 1:13-ல் லாகீஸின் பாவம் குறிப்பிடப்படுகிறதே என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது பட்டணத்தின் மேல் வந்த வார்த்தை. வண்டியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் மேல் அதைச் சுமத்தக்கூடாது. எருசலேமின் பாவத்தை அதே மீகாவும் ஏசாயாவும் பக்கம் பக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியும் அது தப்பியது.

எபிரெயர் 11-ஐ நிதானமாக வாசியுங்கள். பட்டயக் கருக்குக்குத் தப்பினார்கள் என்று 34-ஆம் வசனம். பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள் என்று 37-ஆம் வசனம். இரு சாராரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்று 39. ஏன் இவர், ஏன் அவர் என்பதற்கு அந்த அதிகாரம் காரணம் சொல்லவில்லை. நாமும் கற்பித்துச் சொல்லக்கூடாது. தப்பினவரைப் பார்த்து உம்முடைய விசுவாசம் பெரிது என்பதும், இழந்தவரைப் பார்த்து விசுவாசம் போதவில்லை என்பதும் இந்த வேதபகுதிக்கே விரோதம். எசேக்கியா ஏசாயாவிடம் கேட்டனுப்பியது என்ன? மீதியாயிருக்கிறவர்களுக்காக விண்ணப்பம் செய்யும் என்று (19:4). மற்றவர்கள் போய்விட்டார்கள் என்பது தெரிந்தே கேட்டார்.

1,85,000 பேர் ஒரே இராத்திரியில் மாண்டதற்குச் சரித்திர ஆதாரம் உண்டா?
*வாசகர், சென்னை*

வேதத்துக்கு வெளியே நேரடி ஆதாரம் இல்லை. எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமில் அடைத்ததாகச் சனகெரிப் பெருமையடிக்கிறான். நகரைப் பிடித்ததாக மட்டும் எங்கும் சொல்லவில்லை. பிரசங்கத்தில் இந்த அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அவன் தன் மகன்கள் கையால் செத்தது கி.மு. 681-ல், படை திரும்பி 20 வருடம் கழித்து. 19:36, 37 வசனங்களை அடுத்தடுத்து வாசிக்கும்போது அந்த இடைவெளி தெரிவதில்லை.

விசுவாசத்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?
*வாசகி, மதுரை*

நிறுத்தாதீர்கள். எசேக்கியாவுக்கு இன்னும் 15 வருடம் ஆயுசு என்று கர்த்தரே சொன்ன பிறகுதான், பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார் ஏசாயா (20:6, 7). சர்க்கரையின் அளவு குறைந்திருந்தால் பரிசோதனைச் சீட்டோடு டாக்டரிடம் போங்கள். மாத்திரையைக் குறைப்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

ஜெபித்தோம், பெரிய ஆபத்து நீங்கியது. ஆனாலும் வீட்டில் இன்னும் கஷ்டம்தான். எங்களிடம் ஏதும் குறையா?
*வாசகர், திருநெல்வேலி*

குறை என்று நினைக்க வேண்டியதில்லை. 19:29-ல் கொடுக்கப்பட்ட அடையாளத்தைப் பாருங்கள். முதல் வருடம் தானாய் விளைந்ததைச் சாப்பிடுவார்கள். இரண்டாம் வருடமும் தானாய் முளைப்பதையே. மூன்றாம் வருடம்தான் விதைத்து, அறுத்து, திராட்சத்தோட்டம் நாட்டுவார்கள். எதிரி ஓரிரவில் போய்விட்டான். ஆனால் மிதிபட்ட வயலும், வெட்டப்பட்ட மரமும், கையில் இல்லாத விதையும் ஓரிரவில் சரியாகாது. உங்கள் வீட்டில் இது முதல் வருடமாக இருக்கலாம். புதுக் கடன் வாங்காமல், இருப்பதைக் கொண்டு ஓட்டுங்கள். மூன்றாம் வருடத்துக்கான விதையை இப்போதே எடுத்து வையுங்கள்.